தேசிங்குக்கு, ஒரு காரியமாக

தண்டையார்பேட்டை

அன்புள்ள தேசிங்கு,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். பேரனின் காதுகுத்துக்கு நான் வராததற்கு உன் வீட்டம்மா என்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரியும், அதை எழுத்தில் வேறு தரவேண்டாம். மொய்க் கவரை ஏழுமலையிடம் கொடுத்தனுப்பினேன். வழியில் கேரம் போர்டு எதுவும் குறுக்கிடவில்லை என்றால் வந்து சேர்ந்திருக்கும். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஜெராக்ஸ் கடை ஓடுகிறது, மாடிவீட்டுக்காரன் இன்னும் காலி செய்யவில்லை. குசலம் முடிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். கயல் வேலையை விட்டுவிட்டாள்.

வேறு இடத்தில் சேர்ந்துவிட்டாள் என்று நீயாக முடிவுகட்டாதே. வீட்டில்தான் இருக்கிறாள். சொந்தமாக ஒரு படம் எடுக்கிறாள். அனிமேஷன் படம், ஐந்து நிமிடம். எடுத்து முடித்து, பிரான்சில் அன்சி என்ற ஊரில் நடக்கிற சர்வதேச அனிமேஷன் திரைப்பட விழாவுக்கு அனுப்பப்போகிறாளாம். இதை அவள் சொன்னபோது உன் தங்கை இட்லித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். "அங்கே பரிசு கிடைத்தால் எவ்வளவு பணம் தருவார்கள்?" என்று கேட்டாள். "கிறிஸ்டல் தருவார்கள் அம்மா" என்றாள் இவள். அன்று முழுக்க வீட்டில் பேச்சே இல்லை.

அவள் வேலை பார்த்த இடத்தைப் பற்றி உனக்கு முன்பே புலம்பியிருக்கிறேன். வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களை வாங்கிச் செய்துகொடுக்கிற நிறுவனம். அங்கே இவளுக்கு இடைப்படம் வரைகிற வேலை. ஒரு ஆள் கையைத் தூக்குகிறான் என்றால், தூக்கத் தொடங்குவதையும் தூக்கி முடிப்பதையும் வேறு யாரோ வரைந்து அனுப்பிவிடுவார்கள். நடுவில் வருகிற அத்தனையையும் இவள் நிரப்பவேண்டும். கெடு நெருங்கினால் இரவுமுழுக்க உட்காரவேண்டும். சம்பளம் மட்டும் தன் சௌகரியப்படி வரும். படத்தின் கடைசியில் ஓடுகிற பெயர்களில் இவள் பெயர் இருக்காது. விட்டதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவள் கல்யாணத்துக்கென்று வங்கியில் போட்டு வைத்திருக்கிறோமே, அதைத்தான் எடுத்துச் செலவழிக்கப்போகிறேன் என்கிறாள். உனக்கு இத்தனை நாள் எழுதாமல் இருந்துவிட்டு இப்போது எழுத உட்கார்ந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிக் காரணம் கடைசியில் வரும், பொறு.

முதலில் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தேன். அப்புறம், மகள் எதன் பின்னால் ஓடுகிறாள் என்றாவது தெரிந்துகொள்வோம் என்று அந்த விழாவைப் பற்றிப் படித்தேன். படித்ததோடு நிற்கவில்லை, அவள் லேப்டாப்பில் வைத்திருந்த படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இப்போது வீட்டில் அதைப் பற்றி அதிகம் பேசுகிறவன் நான்தான் என்று உன் தங்கை குற்றம் சாட்டுகிறாள். உனக்கும் கொஞ்சம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

1956-லும் 1958-லும் கான் நகரில் அனிமேஷன் படங்களுக்கென்று தனியாகச் சில நாட்கள் நடத்தியிருக்கிறார்கள். கான் நடிகர் நடிகைகளின் ஊர். அங்கே பொம்மைப் படக்காரர்களை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? 1960-ல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஏரிக்கரை ஊரான அன்சிக்கு வந்துவிட்டார்கள். அதே ஆண்டில் அங்கேயே உலக அனிமேஷன் கலைஞர்களின் சங்கமும் தொடங்கியது, அசிஃபா என்று பெயர். முதல் தலைவர் நார்மன் மெக்லாரன். கேமராவே இல்லாமல் பிலிம் சுருளின் மேலேயே நேராக வரைந்து படம் எடுத்த மனிதர். 1950-களில் யுனெஸ்கோ அனுப்பி இந்தியாவுக்கும் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. முதல் விழாவில் பெரிய பரிசு யாருக்குப் போனது தெரியுமா? செக்கோஸ்லோவாக்கியாவின் பிரெட்டிஸ்லாவ் போயாருக்கு. பொம்மைகளை அசைத்து எடுத்த படம். பாலைவனத்தில் ஒருவன் அக்கார்டியன் வாசிக்கிறான். சிங்கம் வந்து அவனை அக்கார்டியனோடு விழுங்கிவிடுகிறது. அதன்பிறகு சிங்கம் அசையும்போதெல்லாம் வயிற்றுக்குள்ளிருந்து இசை கேட்கிறது. சத்தம் கேட்டு இரையெல்லாம் ஓடிவிடுகிறது. சிங்கம் பட்டினி கிடந்தே சாகிறது. பாட்டுக்காரனை விழுங்கலாம், பாட்டைச் செரிக்க முடியாது என்று ஒரு வசனம்கூட இல்லாமல் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில், அந்த நாட்டிலிருந்து வந்து சொல்லியிருக்கிறார். நான் அன்றிரவு இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தேன்.

பிறகு விழா பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்தது. 1985-ல் முழுநீளப் படங்களுக்கும் போட்டி வைத்தார்கள். 1998-லிருந்து ஆண்டுதோறும் ஜூன் மாதம் நடக்கிறது. கிறிஸ்டல் என்பதுதான் அங்கே தருகிற பெரிய பரிசின் பெயர். குறும்படத்துக்குத் தனிக் கிறிஸ்டல், முழுநீளப் படத்துக்குத் தனி, தொலைக்காட்சிப் படத்துக்குத் தனி, மாணவர் படத்துக்குத் தனி. விழாவை நெடுங்காலம் நடத்திய ழான்-லூக் சிபராஸ் பெயரில், முதல் படம் எடுப்பவர்களுக்கும் ஒரு பரிசு உண்டு. கயலின் கண் அதன்மேல்தான் இருக்கிறது, வாய் விட்டுச் சொல்லமாட்டாள். இப்போது அங்கே பெரிய சந்தையே கூடுகிறது. டிஸ்னியும் நெட்ஃபிளிக்ஸும் வந்து, வரப்போகிற படங்களின் துண்டுகளைப் போட்டுக் காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். எனக்கு அது ரசிக்கவில்லை. முழுநீளப் படப் பட்டியலைப் பார்த்தால் யாரிடம் ஆள்பலம் இருக்கிறது என்று தெரியும். குறும்படப் பட்டியலைப் பார்த்தால்தான் யாருக்குக் கை இருக்கிறது என்று தெரியும்.

ஒன்று சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். படம் தொடங்குவதற்கு முன் அரங்கில் இருப்பவர்கள் காகித விமானம் செய்து மேடையை நோக்கி விடுவார்களாம். மேடைவரை பறந்துவிட்டால் மொத்த அரங்கும் ஆர்ப்பரிக்குமாம். திரையில் எங்காவது முயல் தென்பட்டால் எல்லோரும் ஒரே குரலில் "முயல்!" என்று அவர்கள் மொழியில் கத்துவார்களாம். அகஸ்தியா தியேட்டரில் டிக்கெட்டைக் கிழித்து வீசியதற்காக நம்மைக் காதைப் பிடித்து வெளியே தள்ளினார்களே, நாம் பிறந்த இடம்தான் தப்பு. அகஸ்தியாவும் 2020-ல் மூடிவிட்டார்கள், உனக்குத் தெரியும்தானே?

இனி நான் சொல்லவந்த ஆளிடம் வருகிறேன். 2000-ஆம் ஆண்டு அன்சியில் குறும்படக் கிறிஸ்டலை வாங்கிய அலெக்சாந்தர் பெத்ரோவ், ரஷ்யர். ஹெமிங்வேயின் கதை, கிழவனும் கடலும். அதே ஆண்டு ஆஸ்காரும் அவருக்குத்தான். இந்த மனிதர் காகிதத்தில் வரைவதில்லை. கண்ணாடியின்மேல், சீக்கிரம் காயாத எண்ணெய் வண்ணத்தைப் பெரும்பாலும் விரல்நுனியால் தடவி வரைகிறார். கீழே விளக்கு, மேலே கேமரா. ஒரு படம் வரைந்ததும் ஒரு புகைப்படம் எடுக்கிறார். பிறகு ஈரம் காயும் முன் அதே வண்ணத்தை இங்கே கொஞ்சம் நகர்த்தி, அங்கே கொஞ்சம் வழித்து, அடுத்த படமாக்குகிறார். அதற்கு ஒரு புகைப்படம். முந்தைய படம் அதோடு போயிற்று, திரும்பி வராது. இருபது நிமிடப் படத்துக்கு 29,000-க்கும் மேற்பட்ட படங்கள். 1997 மார்ச்சிலிருந்து 1999 ஏப்ரல் வரை மாண்ட்ரியலில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். கூட உட்கார்ந்து வரைந்தவர் அவருடைய மகன்.

அப்பனும் மகனும் என்று படித்ததும் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை, தேசிங்கு.

ஏனென்றால் கயலும் கண்ணாடியில்தான் எடுக்கிறாள். கம்ப்யூட்டரில் எல்லாம் வருமே, அதை விட்டுவிட்டு இந்த அவஸ்தை ஏன் என்று கேட்டேன். "கம்ப்யூட்டரில் அழித்தால் பழையபடி வந்துவிடும் அப்பா, அதனால் கைக்குப் பயமே இல்லாமல் போகிறது" என்றாள். போர்டு எழுதிப் பிழைத்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையா? மிண்ட் தெருவில் ஏணிமேல் நின்று ஒரு எழுத்து கோணலாகப் போனால் முழுப் பலகையையும் சுரண்டவேண்டும். ஃபிளெக்ஸ் வந்த பிறகு அந்தப் பயம் யாருக்கும் தேவைப்படவில்லை, நமக்கும் வேலை இல்லை.

ஆகவே முன்னறை இப்போது ஸ்டூடியோ. சாப்பாட்டு மேசையில் ஒரு பால்நிறக் கண்ணாடி, அடியில் எல்.இ.டி. விளக்கு, மேலே கல்யாண போட்டோகிராபர் தம்பியிடம் இரவல் வாங்கிய கேமரா. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். தூசு விழும் என்பதால் வேலை நேரத்தில் மின்விசிறி கிடையாது. வோல்டேஜ் ஏறி இறங்கினால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வந்து திரையில் சிமிட்டுகிறது. அதற்காக விளக்கை இன்வெர்ட்டர் பேட்டரியில் மாட்டிக்கொடுத்தேன். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி தெருமுனையில் திரும்பினால் கேமரா அதிர்கிறது, அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு லாரி போகட்டும் என்று காத்திருக்கிறோம். வினாடிக்கு 12 படம், ஐந்து நிமிடத்துக்கு 3,600. ஒரு இரவு முழுக்க உட்கார்ந்தால் ஒன்றிரண்டு வினாடி தேறுகிறது. முதலில் அவள் வண்ணம் சீக்கிரம் இறுகிப்போய்க்கொண்டிருந்தது. லின்சீடு எண்ணெயைக் கொஞ்சம் கூட்டிப் பார் என்று நான் சொன்னேன், சரியாகிவிட்டது. அன்றிலிருந்து எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. காசிமேட்டில் விடியும் முன் ஒரு கிழவி ஏலத்தில் மீன் எடுக்கிறாள், கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்கிறாள், விற்கிறாள், வருகிறாள். வசனம் கிடையாது.

கிழவி கூடையைத் தூக்குகிற இடத்தைப் போன வாரம் எடுத்தோம். கயல் அவளைக் குனியவைத்து, கூடையைப் பிடிக்கவைத்து, நேரே தலைக்கு ஏற்றிவிட்டாள். எனக்கு ஏதோ உறுத்தியது. அப்புறம்தான் புரிந்தது, சும்மாடு இல்லை. பழைய புடவைத் துண்டை எடுத்து அவளுக்குச் சுற்றிக் காட்டினேன். முதலில் துணியை முறுக்கவேண்டும், பிறகு நான்கு விரலைச் சுற்றி வளைக்கவேண்டும், நுனியை உள்ளே செருகவேண்டும். கூடை தலைக்கு வந்ததும் கழுத்து ஒரு கணம் உள்ளே இறங்கும், பிறகுதான் முதுகு நிமிரும். அந்த இறங்குதலை வரையாவிட்டால் கூடைக்குள் மீனே இல்லை என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கயல் கேட்டாள். அவள் பாட்டி கூடை தூக்கியதை அவள் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாய். பள்ளிக்கூடம் போகிற வழியில் நம் இருவருக்கும் கையில் காசு வைத்துவிட்டுப் போவாளே, அப்போது கழுத்து அப்படித்தான் இருந்தது. கயல் முதலில் எடுத்ததையெல்லாம் துடைத்துவிட்டு மறுபடி வரைந்தாள். விரலால்தான் வரைந்தாள். கழுத்து இறங்குவதற்கு மட்டும் நான்கு படம்.

சரி, பயத்துக்கு வருவோம். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான படங்கள் அந்த ஊருக்குப் போகின்றன. போட்டிக்குத் தேர்வாவதே குதிரைக்கொம்பு. பரிசு கிடைக்கும் என்ற நினைப்பு எனக்கு இல்லை, அவளுக்கும் இல்லை என்கிறாள். இல்லாமலா அன்சி ஏரியின் படத்தை லேப்டாப்பில் வைத்திருக்கிறாள்? ஆனால் நம் பக்கத்து ஆட்கள் அங்கே எட்டாமலும் இல்லை. 2020-ல் கொல்கத்தாவைச் சேர்ந்த உபமன்யு பட்டாச்சார்யாவும் கல்ப் சங்வியும் எடுத்த 'வேட்' என்ற படத்துக்கு அன்சி நகரப் பரிசு கிடைத்தது. கடல் ஏறி மூழ்கிப்போன கொல்கத்தாவில் மனிதர்களும் புலிகளும் எதிரெதிரே நிற்கிறார்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்த நமக்கு அந்தப் படத்தில் எதையும் விளக்கவேண்டாம். பாவம், அந்த ஆண்டு கொரோனாவால் விழாவே இணையத்தில்தான் நடந்தது, அவர்களுக்கு மேடையும் இல்லை, காகித விமானமும் இல்லை.

2008-ல் முழுநீளப் படக் கிறிஸ்டலை வாங்கிய நினா பேலியின் கதை இன்னும் ஆச்சரியம். அமெரிக்கப் பெண். கணவனுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை, பின்னாலேயே இவளும் வந்தாள். கொஞ்ச நாளில் கல்யாணம் முறிந்துவிட்டது. அந்த வேதனையில் சீதையின் கதையை எடுத்துக்கொண்டு, 1920-களின் அமெரிக்கப் பாடகி ஒருத்தியின் பாட்டுகளைச் சேர்த்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் கிட்டத்தட்டத் தனியாளாக முழுநீளப் படமே எடுத்துவிட்டாள். பிறகு அந்தப் பாட்டுகளின் உரிமைக்காக அலைந்தது தனிக் கதை. கல்யாணம் என்ற சொல்லோடு இந்தக் கதையை உன் தங்கையிடம் சொல்லவேண்டாம் என்று கயல் என்னிடம் கேட்டுக்கொண்டாள். நீயும் வாயைத் திறக்காதே.

ஒரு கதை மட்டும் எனக்கு நெஞ்சில் நிற்கிறது. எமில் ரேனோ என்று ஒருவர். சினிமாவைக் கொண்டுவந்த லூமியேர் சகோதரர்களுக்கும் முன்னால், 1892 அக்டோபர் 28 அன்று பாரிசில் கூட்டத்துக்கு நகரும் படம் காட்டியவர். ஒரு படத்துக்குக் கையால் தீட்டிய 500 சித்திரங்கள். அந்தத் தேதியைத்தான் அசிஃபா 2002 முதல் உலக அனிமேஷன் நாளாகக் கொண்டாடுகிறது. சினிமா வந்ததும் ரேனோவைத் தேடி வர ஆளில்லை. தான் வரைந்த சுருள்களில் பெரும்பாலானவற்றைக் கொண்டுபோய் சேன் நதியில் வீசிவிட்டார். ஃபிளெக்ஸ் வந்த ஆண்டு நான் பிரஷ்களையும் டப்பாக்களையும் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டேனே, நீகூடத் திட்டினாய். அவர் நதியைத் தேடிப் போனார், நம் வாசலுக்குத் தள்ளுவண்டியே வந்தது.

அன்சியில் நடக்காவிட்டால் ஹிரோஷிமா இருக்கிறதே என்று கேட்டேன். 1985-ல், குண்டு விழுந்த நாற்பதாவது ஆண்டில், ரென்சோ கினோஷிதா, சயோகோ கினோஷிதா என்ற கணவனும் மனைவியும் அந்த ஊரில் ஒரு அனிமேஷன் விழாவைத் தொடங்கினார்கள். அன்பும் அமைதியும்தான் அதன் கொள்கை. முதல் பெரும்பரிசு ஜப்பானியக் கார்ட்டூன் மேதை ஒசாமு தெசுகாவுக்கு. கணவர் 1997-ல் இறந்த பிறகும் அந்த அம்மாள் விடாமல் நடத்தினார். அது 2020-ஓடு நின்றுவிட்டது என்றாள் கயல். இப்போது அந்த ஊரில் நடப்பது வேறு விழா. எனக்கு என்னவோ சொந்தக்காரர் வீட்டுக் கதவு பூட்டியிருக்கக் கண்ட மாதிரி ஆகிவிட்டது. குரோஷியாவில் ஜாக்ரெப் விழா இருக்கிறது, 1972-லிருந்து நடக்கிறது, கனடாவில் ஒட்டாவா விழா இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அனுப்பலாம் என்று பட்டியல் வைத்திருக்கிறாள்.

இனி அந்த மீதிக் காரணம். படத்தில் வசனம் இல்லை என்றேன், ஆனால் ஏலக்குரல் வேண்டும். தொடக்கத்தில் திரை இருட்டாக இருக்கும்போது குரல் மட்டும் வரவேண்டுமாம். காசிமேட்டுக்குப் போய்ப் பதிவுசெய்து பார்த்தோம். ஐஸ் அரைக்கிற இயந்திரமும் படகு என்ஜினும் லாரி ஹாரனும்தான் கேட்கிறது, மனிதக் குரல் எங்கோ அடியில் இருக்கிறது. அதுவுமல்லாமல் இப்போது ஏலம் விடுகிறவர்கள் தொகையைச் சொல்லிவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விடுகிறார்கள். உன் மாமா விடுவாரே, ஒவ்வொரு எண்ணையும் இழுத்து, நடுவில் எடுப்பவளின் பெயரைச் சொல்லி வம்புக்கு இழுத்து, கடைசியில் சட்டென்று வெட்டி! அது இன்றைக்கு உலகத்திலேயே ஒரு தொண்டையில்தான் இருக்கிறது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓய்வுபெற்று, பேரனுக்குக் குதிரையாக இருக்கிற தொண்டை. வஞ்சிரம் விவகாரத்தன்று ஆரம்பப் பள்ளி வாசலில் நின்று நீ விட்ட ஏலத்தைக் கயலுக்குச் செய்துகாட்டினேன். "உங்களுக்கு வரவில்லை அப்பா, அவரையே கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். அதற்குள் வந்தால் விடியற்காலையில் ஒருமுறை துறைமுகத்தில் நின்று காதில் வாங்கிக்கொள்ளலாம், பழைய சுருதி பிடித்துவிடும். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறு. சென்னையில் இறங்கியதும் ஆட்டோக்காரனிடம் வாய் கொடுக்காதே. மெட்ரோவில் சென்ட்ரல் வந்து மாறினால் தண்டையார்பேட்டையிலேயே இறங்கலாம், நான் நிலையத்தில் நிற்பேன். பகலில் தூங்கிக்கொள், பதிவு நள்ளிரவுக்கு மேல்தான். அதுவரை தொண்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்.

வங்கிப் பணத்தைப் பற்றி உன் தங்கையிடம் நீதான் பேசவேண்டும். நான் சொன்னால் எடுபடாது, நீ சொன்னால் அவளுக்கு அண்ணன் சொன்னது. முழுவதையும் எடுக்கவேண்டாம், பாதி போதும் என்று கயலையும் ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். அதற்குமேல் இறங்கிவரமாட்டேன் என்கிறாள், அப்பன் பிடிவாதம். உனக்கு இது தவறு என்று பட்டால் அதையும் வந்து முகத்துக்கு நேரே சொல், எனக்கும் யாராவது சொல்லவேண்டும்.

ஏழுமலைக்கு இது தெரியவேண்டாம். தெரிந்தால் தானும் குரல் கொடுக்கிறேன் என்று வந்து நிற்பான், அப்புறம் அவனுக்குத் தனியாக ஒரு படம் எடுக்கவேண்டியிருக்கும்.

அன்புடன்,
கஜேந்திரன்